நாலு கயிறும் ஒரே நீளம்

அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இருந்தாள். பெரியப்பா இருந்தார். கல் தூக்கும் கிரேனைக் கையால் சுற்றுகிற ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். முந்தின நாள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுக் காலை பஸ்ஸில் நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கிய நான், காலேஜ் பேண்ட்டோடு நின்றிருந்தேன். எங்கள் தோட்டத்து மரத்தின் இலவம்பஞ்சை எடை போட்டு வாங்க வந்த சீட்டு பாய் இருந்தார். அய்யன், அதாவது என் அப்பா, இல்லை; பருத்திக்கொட்டை வாங்கத் திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தார். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. அவர்களைக் கூப்பிடுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு டெலிபோனும் இல்லை. அண்ணன் செங்கோடன் கிணற்றுக்குள் கிடந்தான்.

சீட்டு பாய் என்றதும் வெளியூர்க்காரர்கள் சீட்டுப் பிடிக்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கே அதில் ஒரு சிரிப்பு உண்டு. "நம்ம சீட்டுல பணம் போட்டா ஆளு ஓட மாட்டாருங்க, லாரிதான் ஓடும்" என்பார். நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் தகரக் கொட்டகை போட்டு, டிரைவர் சீட் தைத்துக்கொண்டிருந்தார். கடைப் பலகையில் அவருடைய அத்தா, அதாவது தகப்பனார் பெயர்தான் இருந்தது. அவர் பெயரை நான் தெரிந்துகொண்டது பிற்பாடு. இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

வாரக் கடைசியில் காலேஜ் விட்டு ஊர் பஸ்ஸுக்கு நிற்பது அவர் கடை நிழலில்தான். அவர் ஊசி பிடித்து வேலை செய்த நேரத்தைவிட சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் என் கண்ணில் அதிகம் பட்டது. சீட் தைக்க வருகிற டிரைவரை வெறும் பலகையில் உட்காரச் சொல்வார். இஞ்சுடேப் கழுத்தில் தொங்கும், அதைத் தொடமாட்டார். ஒரு பீடி புகைந்து முடிகிற நேரம் பின்னால் நின்று முதுகையே பார்ப்பார். அவசரக்கார டிரைவர் ஒருவர், "ஏம் பாய், பொண்ணு பாக்கறாப்பல பாக்கறே, அளவெடுத்துத் தொலையேன்" என்று சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

"நீங்க இன்னும் ஒக்காரலீங்க" என்றார் பாய். "ஒக்காரோணும்னு நெனச்சுட்டு இருக்கீங்க. ஒடம்பு எறங்கட்டும்."

உண்மையிலேயே சற்று நேரத்தில் அந்த டிரைவரின் தோள் இரண்டும் ஒரு விரற்கடை கீழே இறங்கியதை நான் பார்த்தேன். அப்புறம்தான் பாய் தன் உள்ளங்கையை அவர் இடுப்புக்கும் பலகைக்கும் நடுவே விட்டார். கை எவ்வளவு நுழைகிறதோ அந்த இடத்துக்கு அவ்வளவு பஞ்சு. அதுதான் அவருடைய கணக்கு.

எதிரே ஒரு சலூன். முடி வெட்டி முடித்ததும் மோவாயையும் உச்சந்தலையையும் பிடித்து இடம் வலமாகத் திருகிக் கழுத்தில் சொடக்கு எடுத்துவிடுவது அந்தக் கடைக்காரரின் இலவச சேவை. சொடக்குச் சத்தம் கேட்டால் பாய்க்குக் கையில் ஊசி நிற்காது. மெதுவாகப் பேசுகிற மனிதர் அவர்; பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் ரோட்டின் இந்தப் பக்கமிருந்து "தொடாதீங்க" என்று போட்ட சத்தத்தில் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். சலூன்காரர் மோவாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, "தலையைத் தொடாம முடியை எப்படி பாய் வெட்டறது?" என்று கேட்டார். தெருவே சிரித்தது.

"முடி மொளைக்குமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பாய் உள்ளே போய்விட்டார்.

இந்தக் கழுத்துப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய வாலிபத்தில், அத்தாவோடு சேர்ந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தார்களாம். மெத்தையோடு, முழங்கை நீளத்தில் சின்னச் சின்னப் பைகளும் கேட்டிருக்கிறார்கள்; உள்ளே மணல் நிரப்பி வாய் தைக்க வேண்டும். மெத்தை தைக்கிறவனுக்கு மணல் பை எதற்கு என்று தோன்றாமல் இருக்குமா? டாக்டரையே கேட்டுவிட்டார். அந்த டாக்டர் இவரைக் கையைப் பிடித்து ஒரு கட்டிலுக்குக் கூட்டிப் போனார். இரண்டு மணல் பைகளுக்கு நடுவே ஒரு தலை அசையாமல் இருந்தது.

"கண்ணு ரெண்டு மட்டும் என்னையப் பாத்துதுங்க தம்பி" என்றார் பாய். கழுத்தெலும்புகள் நூல்கண்டு அடுக்கினது மாதிரி இருக்கும், நடுவில் ஓடுகிற நரம்பு நூல் மாதிரி, கண்டு உடைந்தாலும் நூல் அறாமல் இருந்தால் மனுசன் பிழைத்து நடப்பான் என்று டாக்டர் இவருக்குப் புரிகிற பாஷையில் சொல்லியிருக்கிறார். நூலைப் பல நேரம் விழுந்தது அறுப்பதில்லை, தூக்குகிறவர்கள் அறுக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். மெத்தை வேலை முடிகிற வரைக்கும் பாய் அந்த வார்டையே சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் பக்கம் அவர் போனதேயில்லை.

இனி கிணற்றுக்கு வருகிறேன்.

சித்திரை மாதம். இலவங்காய் வெடிக்கிற காலமும் கிணற்றை ஆழப்படுத்துகிற காலமும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். உள்ளே கணுக்கால் அளவுதான் தண்ணீர். பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கல்படியில் இறங்கும்போது, இரண்டாள் உயரம் பாக்கி இருக்கையில் அண்ணனுக்குக் கால் வழுக்கியது. உடைத்த கல் குவியலில் மல்லாக்க விழுந்தான். நினைவு தப்பவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான்.

எங்கள் ஊரில் விழுந்தவனை முதலில் தூக்கி உட்கார வைப்போம். முகத்தில் தண்ணீர் அடிப்போம், சோடா உடைத்துக் கொடுப்போம், நாலு எட்டு நடக்கச் சொல்வோம். நடந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. இல்லாவிட்டால் கயிற்றுக்கட்டில். அது அக்கறைதான், சும்மா நின்று பார்ப்பவனைத்தான் ஊர் ஏசும். கிரேன் ஆள் ஒருவர் அதற்குள் இறங்கி அண்ணனின் அக்குளில் கை கொடுத்துவிட்டார்.

"தொடாதீங்க."

சலூன் தெருவில் கேட்ட அதே சத்தம். கிரேன் ஆள் சுட்டதுபோலக் கையை எடுத்தார். தாடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, கிணறே இறங்கியறியாத அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன்.

தண்ணீரில் மண்டி போட்டார். முழங்கை இரண்டையும் கல்லில் ஊன்றி, பானைக்கு வைக்கோல் பிரிமனை கொடுப்பதுபோல அண்ணனின் தலைக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கையைக் கொடுத்தார். இழுக்கவில்லை, திருப்பவில்லை. கால் பெருவிரலை ஆட்டச் சொன்னார். ஆடியது. கையைக் கேட்டார். "மரமரன்னு இருக்குதுங்க பாய்" என்றான் அண்ணன்.

"நூலு அறுந்து போகலீங்க" என்று பாய் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இனி அறுத்தா நாமதான்."

மேலிருந்து பெரியப்பா கயிற்றுக்கட்டிலைக் கட்டி இறக்கத் தயாராகிவிட்டார். கழுத்து சுளுக்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்தூரில் சுளுக்கு எடுக்கிறவனைக் கூட்டி வந்தால் ஒரே இழுப்பில் சரியாகிவிடும் என்பது அவர் முடிவு. கட்டில் வேண்டாம், கயிறு தொட்டில் மாதிரி குழியும், மோட்டார் ரூம் கதவைக் கழற்றி இறக்குங்கள் என்றார் பாய். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பஞ்சு வாங்க வந்தவன் பஞ்சை வாங்கிட்டுப் போ பாயி. எங்கூட்டுப் புள்ளைய எங்களுக்குப் பாக்கத் தெரியும்." பிறகு அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "ஏண்டா, காலேசுல படிக்கிறியே, நீ சொல்றா. கதவா, கட்டலா?"

கிணற்று விளிம்பில் இருந்த முகங்களெல்லாம் என்னையே பார்த்தன. நான் படித்தது கெமிஸ்ட்ரி. பாய் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தேன். அண்ணன் மூச்சு விடும்போது அது ஏறி இறங்காமல் கல்லோடு கல்லாக இருந்தது.

"கதவுதானுங்க பெரியப்பா. எங்க புத்தகத்துல போட்டிருக்குது" என்றேன்.

அப்படி ஒரு புத்தகத்தை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் படித்தவன் அந்தப் படிப்பை வைத்துச் செய்த முதல் காரியம் இந்தப் பொய்தான். ஆனால் கதவு இறங்கியது. அதோடு இன்னும் இரண்டு கிரேன் ஆட்களும் படியில் இறங்கி வந்தார்கள்.

அடுத்து பாய் கேட்டது என் பேண்ட்டை. "தம்பி, குழாயக் கழட்டுங்க" என்றார். எங்கள் வீட்டில் ஒருவன் போட்ட முதல் பேண்ட் அது. டெரிகாட்டன், காப்பிக்கொட்டை நிறம். துண்டைக் கட்டிக்கொண்டு கழற்றிக் கொடுத்தேன். கிரேன் ஆள் பேண்ட்டின் இரண்டு காலையும் முழங்காலோடு அறுத்தார், கல்தூளை அள்ளிப் போட்டு நிரப்பினார். பாய் என் கைகளைத் தன் கைகள்மேல் வைக்கச் சொல்லி, தன்னுடையதை மெல்ல உருவிக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரம் அண்ணனின் தலை என்னிடம் இருந்தது. இடுப்பில் சொருகியிருந்த கோணி ஊசியை எடுத்து அவர் பையின் வாயைத் தைத்தபோது, லாரி சீட்டுக்குப் போடுகிற அதே நெருக்கமான தையலைப் போட்டார். நான் அந்தத் தையலை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேலிருந்து போடச் சொன்ன பஞ்சைத் தன் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, கழுத்துக்கடியில் இருந்த இடைவெளியில் தலையைத் தூக்காமலே நுழைத்து முன்னால் கட்டினார். தொண்டைக்கும் துண்டுக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடி தலையை அவர் வாங்கிக்கொள்ள, நானும் மூன்று கிரேன் ஆட்களுமாக நால்வர் ஒரு பக்கமாக உட்கார்ந்தோம். குழந்தையை எடுக்கிற மாதிரி எடுக்கக் கூடாது, பலகையைப் புரட்டுகிற மாதிரி தலையும் இடுப்பும் காலும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும் என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. கதவு அடியில் போயிற்று. பிறகு அவர் பழைய கணக்கு: பிடரிக்கடியில் கை எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவு பஞ்சு, இடுப்பு வளைவில் கொஞ்சம், முழங்காலடியில் கொஞ்சம். இரண்டு மணல் பைகளும் காதுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. மார்பு, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று கட்டிக்கொண்டே வந்து கடைசியில் நெற்றியைக் கதவோடு சேர்த்துக் கட்டினார்.

அப்போதுதான் மேலேயிருந்து அம்மா கதறினாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது பலகையில் ஒரு உருவம். கால் இரண்டும் சேர்த்துக் கட்டியிருக்கிறது, தலையில் துணிக்கட்டு. எங்களில் இப்படி யாரைக் கட்டுவோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"உசுரோட இருக்கற என்ற மவனுக்குக் கால்கட்டு கட்டறானே."

எல்லோர் கையும் நின்றுவிட்டது. கிரேன் ஆட்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டுகளையெல்லாம் அவிழ்த்திருப்போம். பாய் கோபப்படவில்லை. அம்மாவைக் கீழே இறங்கி வரச் சொன்னார். அவள் வந்ததும், "பாருங்காத்தா. பெருவிரல்ல கட்டலீங்க, கணுக்கால்லதான் கட்டியிருக்குது. தாடையக் கட்டலீங்க, நெத்தியத்தான் கட்டியிருக்குது. வாய் தொறந்தே கெடக்குது, பேசச் சொல்லுங்க" என்றார்.

அம்மா குனிந்தாள்.

"அழுவாதம்மா" என்றான் அண்ணன். "மூக்கு அரிக்குது. சித்தெ சொறிஞ்சு உடு."

அம்மா அழுதுகொண்டே சொறிந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் மேலே என்று அண்ணன் வழி சொன்னான். கிரேன் ஆள் ஒருவர் சிரித்துவிட்டார், பிறகு அம்மாவும்.

கதவின் நான்கு மூலைக்கும் நான்கு கயிறு. கிரேன் கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால் பாய் கழுத்திலிருந்து இஞ்சுடேப்பை எடுத்தார். நான்கையும் அளந்தார். ஒன்று இரண்டு விரல் கூடுதலாக இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டி மறுபடி அளந்தார். மேலே பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இந்த மனிதருக்கு அவசரம் என்பது உடம்பிலேயே இல்லையா என்று எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் கிரேன் சுற்ற ஆரம்பித்ததும் கதவு எழும்பிய விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். குளத்துத் தண்ணீர் அப்படியே மேலே ஏறி வருவதுபோல ஒரு பக்கமும் சாயாமல் ஏறியது. கதவோரத்தை ஒரு கையால் பிடித்தபடி பாய் பக்கத்துப் படிகளில் ஏறினார்.

ரோட்டுக்குச் சைக்கிளில் போன கிரேன் ஆள் ஒரு லாரியோடு திரும்பினார். எடை போட்டு வைத்திருந்த இரண்டு மூட்டைப் பஞ்சையும் பாய் லாரி மேடையில் பரப்பச் சொல்லி, அதன்மேல் கதவை வைத்தார். டிரைவரிடம் போய், சேலம் ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் மாட்டு வண்டி தன்னை முந்தினாலும் கோபப்படக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். வழியில் அண்ணன் தண்ணீர் கேட்டான். ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்தார். பாதி தூரத்தில் அவனுக்கு வாந்தி வந்தது. மல்லாக்கக் கட்டிப் போட்டவன் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடாதா? "கதவோட" என்றார் பாய். பெரியப்பாவும் நானும் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினோம். கதவு ஒருக்களித்தது, அண்ணனும் அதோடு ஒருக்களித்தான், தலை மட்டும் தனியாக அசையவில்லை. வாந்தி பஞ்சில் கொட்டியது. சேலம் நெருங்கும்போது பெரியப்பா, "பாயிங்க, வெயில் படுது, இக்கட்டால வாங்க" என்று அவருக்கு நிழல் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்தார். யாரையும் பாராட்டவில்லை. "எதையும் அவிழ்க்காதீங்க, கதவோடயே எக்ஸ்ரேக்குக் கொண்டு போங்க" என்றார், அவ்வளவுதான். கழுத்தில் ஓர் எலும்பு உடைந்திருந்தது. நரம்பு தப்பியிருந்தது.

எக்ஸ்ரே அறை வாசலில்தான் பாய் அதைச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு லாரிக்கு சீட் பொருத்த அயோத்தியாப்பட்டணம் போயிருந்தாராம். லோடு மேலிருந்து ஒரு கிளீனர் விழுந்தான். கூட்டம் கூடி உட்கார வைத்து சோடாவை வாயில் வைத்தது. பாட்டிலைப் பிடிக்கத் தூக்கின கை அப்படியே மடியில் விழுந்துவிட்டது. பாய் மூன்று எட்டுத் தள்ளி நின்றிருந்தார்.

"நானும் தொடாதீங்கன்னு சொன்னனுங்க தம்பி" என்றார். "எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னேன்."

அண்ணனுக்குத் தலையில் எடை கட்டி மூன்று மாதம் படுக்கை. பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார். அடுத்த கட்டிலில் பள்ளிபாளையம் பக்கத்துப் பனையேறி ஒருவர் இருந்தார். மரத்திலிருந்து விழுந்தவரை இருவர் நடுவில் உட்கார வைத்து சைக்கிளில் கொண்டு வந்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, படுக்கைப் புண் வராமல் இருக்க, இடுப்புக்கும் குதிகாலுக்கும் வளையம் வளையமாகப் பஞ்சுத் திண்டு தைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அந்தப் பனையேறியின் மனைவி என்னிடம், உங்க அண்ணனை எப்படிக் கொண்டு வந்தீங்க என்று கேட்டாள். கதவில் கட்டிக் கொண்டு வந்தோம் என்று பெருமையாக ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய்ப் புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

பாய் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"இனி ஆரு கேட்டாலும் வண்டியில கொண்டாந்தோம்னு சொல்லுங்க. கதவுன்னு சொல்லாதீங்க. சைக்கிள்ல புடிச்சுட்டு ஒக்காந்து வந்தது அந்தம்மாவோட பொறந்தவனுங்க."

நான் ஜன்னல் வழியாக உள்ளே அந்தம்மாவைப் பார்த்தேன்.

"கெணத்துல ஒரு பொய் சொன்னீங்க, நல்லதுக்குத்தான்" என்றார். "இதையும் சொன்னா என்னங்க?"

அவருக்குத் தெரிந்திருந்தது. கிணற்றிலேயே தெரிந்திருக்கிறது.

ஆடி முடிவதற்குள் அண்ணன் தன் காலால் நடந்து பஸ் ஏறி வந்தான். இடது கையில் இரண்டு விரலுக்கு இன்றும் உணர்ச்சி இல்லை. வாந்தி பட்ட பஞ்சுக்குப் பணம் வேண்டாம் என்று அய்யன் எவ்வளவோ சொன்னார். எடை போட்டாகிவிட்டது என்று பாய் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதனால் அது எங்கள் கணக்கில் வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் புரட்டின மற்றதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார் பெரியப்பா. எருமை விற்றது எழுநூறு. அம்மாவின் தோட்டை அடகு வைத்தது நானூறு. கைமாற்று இருநூற்று நாற்பத்திரண்டு. அண்ணன் வந்து என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தான். கழுத்து வளையாததால் இடுப்பிலிருந்து குனிந்தான். பெரியப்பா இன்னொரு தரம் கூட்டச் சொன்னார். இரண்டாம் தரமும் அதேதான் வந்தது. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.